தொடுவட்டியில் ஒரு தேன்பெட்டி

நாகர்கோவிலில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. உபசாரம் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் சட்டைப் பொத்தான்களைக் கொஞ்சம் தள்ளித் தைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இந்தத் தடவை போயிருந்தபோது அவியல், துவரன், பிரதமன் எல்லாம் முடிந்து, "இனி ஒரு கவளம்கூட இறங்காது" என்று நான் சரணாகதி அடைந்தேன். அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. ஒரு தட்டில் சின்னச் சின்ன மட்டிப் பழங்களையும், ஒரு கிண்ணத்தில் தேனையும் கொண்டுவந்து வைத்தார்.

பழத்தை உரித்துத் தேனில் தொட்டு வாயில் போட்டேன். இறங்காது என்று சொன்னேனே, அந்த வார்த்தையை அப்போதே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

"அசல் மலைத் தேன் மாதிரி இருக்கிறதே! எந்த மலையிலிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

சிநேகிதர் சிரித்தார். "மலையும் இல்லை, காடும் இல்லை வே! மார்த்தாண்டத்துத் தேன். வீட்டு முற்றத்திலே பெட்டி வைத்து எடுக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னாலே சில பேர் வந்து ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வித்தை. வந்தவர்கள் போய்விட்டார்கள். வித்தை இங்கேயே தங்கிவிட்டது."

இந்தக் கடைசி இரண்டு வாக்கியமும் என்னை அன்று இரவு தூங்கவிடவில்லை. (பிரதமனும் ஒரு காரணமாக இருக்கலாம்.) ஊருக்கு நல்லது செய்கிறோம் என்று புறப்படும் சங்கங்களும் டிரஸ்டுகளும் நம் நாட்டில் எத்தனையோ! திறப்பு விழா நடக்கிறது, மாலை போடுகிறார்கள், மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. ஐந்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், கல்வெட்டு மட்டும் இருக்கிறது. திறந்து வைத்த வஸ்து இருப்பதில்லை. அப்படியிருக்க, நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு தொண்டு இன்றும் கிண்ணத்தில் வந்து நிற்கிறதென்றால், அதில் ஏதோ சூட்சுமம் இருக்கத்தானே வேண்டும்?

மறுநாள் காலையில் மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினேன்.

சந்தை ஊர்

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். தக்கலை வழியாகப் போகவேண்டும். போகப் போக வயல் குறைகிறது. மேடும் பள்ளமுமாகச் செம்மண் பூமி தொடங்குகிறது. தென்னை, வாழை, மரச்சீனி, ரப்பர் என்று பச்சை மட்டும் குறைவதே இல்லை.

இந்த ஜில்லா முழுவதையும் நாஞ்சில் நாடு என்று வெளியூர்க்காரர்களாகிய நாம் சொல்லிவிடுகிறோம். உள்ளூர்ப் பெரியவர்கள் இதை ஒப்புவதில்லை. நெல் விளையும் தோவாளையும் அகஸ்தீசுவரமும்தான் நாஞ்சில் நாடு. மார்த்தாண்டம் இருக்கும் விளவங்கோடு அதற்கு மேற்கே வேறு சீமை என்று திருத்துவார்கள். இரண்டுமே முன்பு திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தவை. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோதுதான் கன்னியாகுமரி ஜில்லா பிறந்தது.

மார்த்தாண்டத்துக்குப் பழைய பெயர் தொடுவட்டி. வயதானவர்கள் வாயில் இன்றும் அந்தப் பெயர் வருகிறது. சந்தைக்குப் பேர்போன ஊர். இப்போது சாலையின் மேல் நீளமாக ஒரு மேம்பாலம் போகிறது. அதற்கு அடியில் நகைக் கடையும் ஜவுளிக் கடையும் நெரிசலும் புழுதியுமாக நாகரிகம் முழங்குகிறது. நூறு வருஷத்துக்கு முன் இது சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் தலைச் சுமையாகச் சாமான் கொண்டுவந்து விற்கும் இடம். பனை ஏறுகிறவர்களும், கைத்தறி நெய்கிறவர்களும், அரைக் காணி நிலத்தில் கிழங்கு போடுகிறவர்களும் நிறைந்த பிரதேசம். கடன் இல்லாத வீடு அபூர்வம்.

அந்த இடத்தைத் தேடித்தான் அவர்கள் வந்தார்கள்.

சேலத்துக்காரரும் அமெரிக்கரும்

கிறிஸ்தவ வாலிபர் சங்கம் என்றால் சிலருக்குப் புரியாது, ஒய்.எம்.சி.ஏ. என்றால் எல்லோருக்கும் தெரியும். பட்டணங்களில் ஹாஸ்டலும் விளையாட்டு மைதானமும் வாசகசாலையும் நடத்தும் சங்கம் அது. அதன் இந்தியத் தேசியக் கவுன்சிலுக்கு 1916-ல் முதல் இந்தியப் பொதுச் செயலாளராக வந்தவர் ஒரு தமிழர். கே. டி. பால் என்று பெயர். 1876-ல் சேலத்தில் பிறந்தவர். பின்னால் லண்டனில் நடந்த முதல் வட்டமேஜை மாநாட்டுக்கும் போய்வந்தவர்.

இந்தியா கிராமங்களில் இருக்கும்போது சங்கம் மட்டும் பட்டணத்தில் இருந்து என்ன பிரயோஜனம் என்பது பாலின் கட்சி. முதலில் ஏழைக் குடியானவர்களைக் கடனிலிருந்து மீட்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை ஆரம்பித்தார். சங்கத்திலேயே கிராம வேலைக்கென்று ஒரு பகுதி ஏற்பட்டது. அந்த வேலைக்குத் தெற்கே ஓர் இடம் தேர்ந்தெடுத்தபோது தொடுவட்டிச் சந்தை அகப்பட்டது. சுற்றிலும் கிராமங்கள், சந்தை நாளில் அத்தனை கிராமத்து ஜனங்களும் தாமாகவே வந்து கூடும் ஊர். வேறென்ன வேண்டும்?

இங்கே வந்து மையத்தை நடத்தியவர் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச். அமெரிக்கர். நியூயார்க் ராஜ்யத்திலுள்ள கார்னெல் சர்வகலாசாலையில் விவசாயம் படித்தவர். 1920-களின் ஆரம்பத்திலிருந்து 1940 வாக்கில் இந்தியாவை விட்டுப் போகும்வரை அவர் பெயரும் மார்த்தாண்டமும் பிரிக்க முடியாதவையாக இருந்தன. அவருடைய மனைவி எமிலியும் சும்மா இருக்கவில்லை. திருவாங்கூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு வழிகாட்டி நூலே எழுதினார்.

மனிதனுக்கு உடல், அறிவு, ஆன்மா என்ற மூன்றும் வளரவேண்டும் என்பது ஒய்.எம்.சி.ஏ.யின் பழைய கொள்கை. மார்த்தாண்டத்தில் அதோடு சமூகம், பொருளாதாரம் என்று இரண்டைச் சேர்த்து ஐந்தாக்கினார்கள். பசித்தவனிடம் போய் மற்ற நாலைப் பற்றிப் பேசுவது வீண் என்று கண்ட பிறகு சேர்த்ததாகத்தான் இருக்கவேண்டும்!

ஹாட்சின் முறையைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: வேலையை ஜனங்களே செய்துகொள்ள வேண்டும், வித்தை தெரிந்தவன் பக்கத்திலேயே இருந்து, சொந்தக்காரன் மாதிரி யோசனை சொல்ல வேண்டும். இனாம் கிடையாது. மையத்தில் மாதிரிப் பண்ணை உண்டு; நல்ல ஜாதிக் காளை உண்டு; சீமைக் கோழி உண்டு; தறி உண்டு; தேன்பெட்டி உண்டு. எல்லாம் ஏழைக் குடியானவன் பார்த்துவிட்டு, "இதை நானும் செய்யலாமே!" என்று சொல்லக் கூடியதாக இருக்கவேண்டும். "இது துரைகளுக்குத்தான் ஆகும்" என்று அவன் நினைத்துவிட்டால் அந்தக் காட்சி தோல்வி.

முட்டைக்கு வந்த யோகம்

தேனுக்குப் போவதற்கு முன் முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை.

நாட்டுக் கோழி முட்டை ருசியானது. அதில் சந்தேகமில்லை. ஆனால் சின்னது, வருஷத்தில் இடுவதும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்பான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கூடையில் எது நல்ல முட்டை, எது கூழ்முட்டை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? நஷ்டத்துக்கும் சேர்த்தே விலை வைப்பான். நல்ல முட்டை கொண்டுவந்தவளுக்கும் கூழ்முட்டை விலைதான்!

மார்த்தாண்டத்தில் வெள்ளை லெகார்ன் கோழிகளை வளர்த்துக் காட்டினார்கள். முட்டை விற்பதற்கென்று ஒரு சங்கம் சேர்த்தார்கள். முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே தெளிவா, கலங்கலா என்று தெரிந்துவிடும். இப்படிச் சோதித்துத் தரம் பிரித்த முட்டை என்று பேர் ஏற்பட்டதும் விலையும் ஏறியது. கோழியும் முட்டைக் காசும் நம் வீடுகளில் எப்போதும் பெண்களுடைய ராஜாங்கம் அல்லவா? ஆகவே ஆண்பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து கிராம முன்னேற்றம் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோதே, அடுக்களையில் முன்னேற்றம் நடந்தேறிவிட்டது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த முட்டைச் சங்கம் 1939-ல் தன் காரியத்தைத் தானே நிர்வகிக்கும் கூட்டுறவுச் சங்கமாயிற்று. ஆரம்பித்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். கையை எப்போது கொடுப்பது என்பது எல்லாத் தொண்டர்களுக்கும் தெரியும். எப்போது எடுப்பது என்று தெரிந்தவர்கள் சிலர்தான்.

ஈக்களின் வீடு

இனித் தேனுக்கு வருவோம்.

அக்காலத்தில் இந்த நாட்டில் தேன் இல்லாமலில்லை. மரப் பொந்திலும் பாறை இடுக்கிலும் கூடு இருக்கும். இரவில் பந்தம் கொளுத்திக்கொண்டு போய் ஈக்களைச் சுட்டுத் துரத்தி, அடையை அப்படியே அறுத்து, துணியில் போட்டுப் பிழிவார்கள். தேனோடு புழுவும் சாறாகும், மகரந்தமும் கலக்கும். அந்தத் தேன் சீக்கிரம் புளித்துவிடும். அந்தக் கூடும் அதோடு நாசம். பொன் முட்டையிடும் வாத்தை அறுத்த கதைதான்.

இதற்குப் பரிகாரம் சட்டம் வைத்த பெட்டி. அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார் 1851-ல் ஒரு ரகசியத்தைக் கண்டுபிடித்தார். ஈ புகுந்து போகிற அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால், ஈக்கள் அந்த இடைவெளியை மெழுகால் அடைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு அடையையும் புத்தகத்தில் ஏடு புரட்டுவதுபோல் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். ஆனால் அவருடைய பெட்டி மேல்நாட்டு ஈக்கு அளவெடுத்தது. நம் ஈ சின்னது; அதன் குடும்பமும் சின்னது. திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார் 1910-ஐ ஒட்டி நம் ஈக்கு ஏற்றபடி சிறிய பெட்டி ஒன்று செய்தார். அதற்கு இன்றும் நியூட்டன் பெட்டி என்றே பெயர். அந்த வழியில் மார்த்தாண்டத்துக்காரர்கள் தங்கள் ஊருக்குத் தோதாக ஒரு பெட்டி செய்துகொண்டார்கள். தேனீ வளர்ப்புப் புத்தகங்களில் அது மார்த்தாண்டம் பெட்டி என்று தனியாக இடம் பெற்றிருக்கிறது.

பெட்டிக்கு இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் ராணி முட்டையிடுவாள், பிள்ளைகள் வளரும். மேல் அடுக்கு தேன் கிடங்கு. மனிதன் மேல் மாடியில் மட்டும் வாடகை வசூலிக்கலாம்; கீழ் வீட்டில் கைவைக்கக் கூடாது. அடையைச் சட்டத்தோடு எடுத்து, ஒரு தகர டிரம்முக்குள் வைத்துச் சுற்றினால் தேன் மட்டும் சிதறி வெளியே வருகிறது. அடை உடைவதில்லை. காலி அடையைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டால், ஈக்கள் மறுபடியும் மெழுகு சுரந்து வீடு கட்டும் சிரமம் இல்லாமல் தேனை நிரப்பத் தொடங்கிவிடும்.

இதற்கு நிலம் வேண்டாம். வேலி ஓரத்தில் ஒரு கால் நட்டு அதன்மேல் பெட்டியை வைத்தால் போதும். தீவனம் வேண்டாம், பிறத்தியார் தோட்டத்துப் பூவிலிருந்து ஈ தானே கொண்டுவரும். அதற்காக எந்த அயல்வீட்டுக்காரரும் வழக்குப் போட்டதில்லை. உண்மையில் அவருடைய தோட்டத்தில் காய் பிடிப்பது அதிகமாகிறது! அரைக் காணிக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் இருக்குமா?

சம்பளமில்லாதவர்கள்

மார்த்தாண்டம் மையத்திலிருந்து ஏறக்குறைய நூறு கிராமங்களுக்கு வேலை பரவியது. ஓர் அமெரிக்கரும் அவரோடு இருந்த சில ஊழியர்களும் நூறு கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருக்க முடியுமா? முடியாது. கிராமங்களில் சின்னச் சின்னக் கிளைச் சங்கங்கள் ஏற்பட்டன. அவற்றை நடத்தியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், சம்பளமில்லாத தொண்டர்கள். தேன் எடுக்கக் கற்றுக்கொண்டவன் அடுத்த வீட்டுக்காரனுக்குச் சொன்னான். அவன் மைத்துனனுக்குச் சொன்னான். இப்படியாக வித்தை உறவுமுறை பிடித்துக்கொண்டு ஊர் ஊராய்ப் போயிற்று.

மையத்தில் ஒவ்வொரு வருஷமும் பயிற்சிப் பள்ளிக்கூடம் நடந்தது. இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் கிராம ஊழியர்கள் வந்து படித்துப் போனார்கள். பரோடா மகாராஜா தம் சமஸ்தானத்தில் கோஸம்பா என்ற ஊரில் இதேபோல் ஒரு மையம் வைக்க ஹாட்சின் உதவியை நாடினார். 1932-ல் ஹாட்ச் தம் அனுபவங்களைப் புத்தகமாக வெளியிட்டார், 1938-ல் இன்னொன்று. பிற்காலத்தில் அவர் மெக்ஸிகோ தேசத்துக்குப் போய் இதே வேலையைச் செய்தார். தொடுவட்டிச் சந்தையில் கற்ற பாடம் பசிபிக் கடல் தாண்டிப் போயிற்று என்று நினைத்துப் பார்க்க வேடிக்கையாக இல்லையா?

அதே காலத்தில் வேறு இடங்களிலும் இந்த முயற்சி நடந்தது. 1922-ல் தாகூரின் ஸ்ரீநிகேதனில் எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் கிராம வேலை ஆரம்பித்தார். அவரும் கார்னெலில் படித்தவர்தான். டில்லிக்குப் பக்கத்தில் குர்காவ் ஜில்லாவில் பிரெய்ன் என்ற கலெக்டர் துரை, உரக் குழி, ஜன்னல், இரும்புக் கலப்பை என்று ஜில்லா முழுவதையும் உலுக்கி எடுத்தார். அதிகாரத்தின் வேகம்! அவருக்கு மாற்றலாயிற்று. காற்று அடங்கினதும் பட்டம் இறங்குவதுபோல எல்லாம் இறங்கிவிட்டது. கலெக்டர் சொன்னதற்காகத் தோண்டிய குழி கலெக்டர் போனதும் தூர்ந்துபோயிற்று. மார்த்தாண்டத்தில் யாரும் யாருக்காகவும் பெட்டி வைக்கவில்லை. தங்களுக்காக வைத்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952 அக்டோபர் 2-ஆம் தேதி மத்திய ஸர்க்கார் சமுதாய நலத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கு முன்னோடிகளாகப் பெரியவர்கள் எண்ணிச் சொன்ன நாலைந்து பெயர்களில் மார்த்தாண்டமும் ஒன்று.

பெட்டிகள் காலியான வருஷம்

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. சிநேகிதர் சொல்லியனுப்பியிருந்ததால் அங்கே ஒரு பெரியவர் எனக்காகக் காத்திருந்தார். வயது எண்பதை நெருங்கும். அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து அந்த வீட்டில் பெட்டி இருக்கிறது.

முற்றத்தில் ரீங்காரம் கேட்டதுமே நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"பயப்படாதுங்க சாரே! கையை மட்டும் வீசாதுங்க. ஈக்குக் கோவம் இல்லை. நமக்க அவசரம்தான் அதுக்குப் பிடிக்காது" என்றார்.

தேங்காய் நாரைக் கொளுத்தி இரண்டு ஊது ஊதிவிட்டு, மூடியைத் தூக்கிச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். ஆயிரக்கணக்கான ஈக்கள் தங்க ஜரிகை மாதிரி மொய்த்துக்கொண்டிருந்தன. வெறும் கையால்தான் பிடித்திருந்தார். நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

"இவ்வளவும் உங்கள் தகப்பனார் விட்டுப்போன சொத்தா, ஐயா?"

பெரியவர் சட்டத்தை உள்ளே வைத்தார். சிறிது நேரம் பேசவில்லை.

"பெட்டி அவருக்க பெட்டி. ஈ வேறே. அவருக்க ஈ எல்லாம் தொண்ணூத்தொண்ணுல செத்துப் போச்சு."

1991-ல் தென்னிந்தியத் தேனீக்களுக்கு ஒரு கொள்ளை நோய் வந்தது. முதலில் தாய்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட வைரஸ் அது. பெரிய ஈயை அது தொடுவதில்லை, பிள்ளைகளைக் கொல்லும். அறைக்குள் இருக்கும் புழு, நீர் கோத்த சின்னப் பைபோல ஆகி மாண்டுபோகும். தேனீயின் ஆயுள் சுறுசுறுப்பான காலத்தில் ஆறு வாரந்தான். ஆகவே புதுப் பிள்ளைகள் வராவிட்டால் ஒன்றிரண்டு மாதத்தில் பெட்டி காலியாகிவிடும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வளர்ப்புக் கூட்டங்களில் மிகப் பெரும் பகுதி அழிந்தது. வாங்கிய கடன் நின்றது, ஈ இல்லை.

"காலம்பற எழும்பி முற்றத்துக்கு வந்தா சத்தமே இருக்காது சாரே. சின்னப் பிராயம் முதல் கேட்ட சத்தம். அது இல்லாம வீடு வீடாட்டே இல்லை. பெட்டிய விறகாக்கிரலாம்னு வீட்டுக்காரி சொன்னா. எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க. எனக்கு மனசு வரல்ல. கழுவி வெயில்ல காயவச்சுப் பரணில ஏத்தினேன்."

"பிறகு?"

"மூணு மழை போச்சு. ஒரு நாள் ஆஞ்சிலி மரப் பொந்துல ஒரு கூட்டம் இருக்கக் கண்டேன். நோய்க்குத் தப்பின கூட்டம். அதைப் பிடிக்கத் தெரியணும், ராணியைப் பார்க்கத் தெரியணும், பெட்டிக்குள்ள இருத்தத் தெரியணும். அப்பா சொல்லித் தந்திருந்தாரு. பரணிலே இருந்து பெட்டியை இறக்கினேன்."

அவ்வளவுதான் கதை. அந்த ஒரு கூட்டம் இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. இந்த வீட்டில் மட்டுமல்ல. ஜில்லா முழுவதிலும் நோய்க்குத் தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்துதான் தேனீ வளர்ப்பு மறுபடி துளிர்த்தது. அந்த வருஷங்களில் ஹாட்ச் உயிரோடு இல்லை. பால் 1931-லேயே காலமாகிவிட்டார். பிடிக்கத் தெரிந்த கைகள் மட்டும் ஊரில் மிச்சமிருந்தன. யாராவது ஒரு தர்மவான் இந்த ஊருக்கு வருஷா வருஷம் தேனை இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தால், 1991-ல் எல்லாம் முடிந்திருக்கும்.

ரப்பர் தந்த தேன்

இந்த ஜில்லாவில் மழை இரண்டு பருவமும் உண்டு. மழைக் காலத்தில் பூ இல்லை. அப்போது சர்க்கரைப் பாகு காய்ச்சி ஈக்களுக்கு வைத்துக் காப்பாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கூட்டம் பெருகும், பெட்டி பிரிப்பார்கள். மார்கழி வாக்கில் ரப்பர் மரம் இலை உதிர்க்கிறது. தை, மாசியில் புதுத் தளிர் வரும்போது ஓர் அதிசயம் நடக்கிறது. பூவில் அல்ல, இலைக் காம்பு மூன்று சிற்றிலைகளாகப் பிரிகிற இடத்தில் சின்னச் சுரப்பிகளிலிருந்து மது வடிகிறது. ஈக்களுக்குத் தீபாவளிதான்! பெட்டிகளை லாரியில் ஏற்றி ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். பங்குனி, சித்திரைவரை அறுவடை.

2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காஞ்சீபுரம் பட்டுக்கு உள்ளதுபோல் ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு. அதே வருஷம் கன்னியாகுமரி மட்டிப் பழத்துக்கும் அந்தக் கௌரவம் வந்தது. என் சிநேகிதர் வீட்டுத் தட்டில் இரண்டு பிரமுகர்களும் சேர்ந்தே காட்சி தந்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது!

கவலை இல்லாமலில்லை. ரப்பரில் மது உண்டே தவிர ஈக்களின் பிள்ளைகளுக்கு வேண்டிய மகரந்தம் போதாது. மற்ற மரங்களை வெட்டி எங்கும் ரப்பரே வைத்துக்கொண்டு போனால் ஈக்கு வருஷத்தில் மூன்று மாதம் விருந்து, ஒன்பது மாதம் பட்டினி. பூச்சி மருந்து வேறு. இதற்கெல்லாம் மேலே கலப்படப் போட்டி. 2020 டிசம்பரில் டில்லியிலுள்ள ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம், கடைகளில் விற்கும் 13 பிரபலத் தேன் வகைகளைச் சோதித்துப் பார்த்தது. எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றுதான். சர்க்கரைப் பாகு விலைக்கு யாரோ தேன் விற்றால், நிஜத் தேன்காரன் எந்த விலைக்கு விற்பான்?

அந்தப் பழைய முட்டைக் கூடை ஞாபகம் வருகிறதா? நல்ல முட்டைக்கும் கூழ்முட்டை விலை! அதற்கு அன்று ஜனங்களே சேர்ந்து சோதித்துத் தரம் பிரித்தார்கள். இன்று தேன்காரர்களின் கூட்டுறவுச் சங்கமும், மகளிர் சுய உதவிக் குழுக்களும் அதே வேலையைத்தான் செய்யவேண்டியிருக்கிறது.

இந்த மண்ணுக்கு அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பனைத் தொழிலாளிகளை ஒன்று சேர்த்த சங்கம் ஒன்று 1970-களில் இதே மார்த்தாண்டத்தில்தான் உருவாயிற்று. கடற்கரைப் பக்கம் முட்டத்தில் ஒரு பெல்ஜிய இன்ஜினீயர் வந்து தங்கி, அலையைத் தாண்டிக் கரையேறக் கூடிய ஒட்டுப்பலகைப் படகு கட்ட மீனவர்களோடு சேர்ந்து வழி கண்டார். படகை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. படகு கட்டும் பட்டறையை வைத்தார்.

யார் திறப்பார்கள்?

"உங்களுக்குப் பிறகு இந்தப் பெட்டிகளை யார் பார்ப்பார்கள்?" என்று பெரியவரைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான். மகன் வளைகுடா நாட்டில் இருக்கிறார் என்று முன்பே சொல்லியிருந்தார்.

பெரியவர் பதில் சொல்லவில்லை. வீட்டுக்குள்ளிருந்து மருமகள் வந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டாவது பெட்டியைத் திறந்தார். சட்டத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மாமா, இதிலே ராணிக்கு வயசாச்சு. புது அறை கட்டியிருக்கு, பாத்தீளா? இந்த வாரம் பிரிச்சிரலாம்" என்றார்.

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "பிரிக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

புறப்படும்போது இரண்டு பாட்டில் தேன் கேட்டேன். மருமகள் எடுத்துக் கொடுத்துவிட்டு, "பெட்டி ஒண்ணு கொண்டு போகலாமே சார்! ஈயோட தாறோம். நாங்களே வந்து சொல்லியும் தருவோம்" என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. சென்னையில் மூன்றாவது மாடியில் இருக்கும் என் வீட்டில், துளசிச் செடி ஒன்றைத் தவிரப் பூ என்று சொல்லக் கூடியது என் மனைவியின் தலையில் இருப்பதுதான். நிலைமையை விளக்கினேன். பிறகு ஒரு யோசனை தோன்றிற்று. கிண்ணத்தில் தேன் வைத்து என்னை இவ்வளவு தூரம் அலையவிட்ட சிநேகிதருக்கு நாகர்கோவிலில் கொல்லை நிறையத் தென்னையும் வாழையும் இருக்கின்றனவே! அவர் பெயரில் பெட்டிக்குப் பணம் கட்டிவிட்டு ஊர் திரும்பினேன்.

சென்ற வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. "வே, நீர் செய்த உபகாரத்தால் இதுவரை நான் நாலு கொட்டு வாங்கியாயிற்று; வலது கண் ஒரு நாள் முழுக்கத் திறக்கவில்லை. தேன் இன்னும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் கிணற்றடியில் போய் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் காப்பி குடிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் மதிலுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார். நேற்று வந்து, இந்தப் பெட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்" என்று எழுதியிருக்கிறார்.